எல்லை ஊர்களின் இருமொழித் தளங்களும் கோப்பு வகை அமைப்பும்: ஓர் ஆய்வு

பாறசாலையிலிருந்து தெற்கே தேசிய நெடுஞ்சாலையில் சென்றால், இஞ்சிவிளையைத் தாண்டியதும் களியக்காவிளை வந்துவிடும். அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை போட்ட பிறகும் காரோடு, செங்கல், பாறசாலை பக்கத்து ஊர்களில் தமிழும் மலையாளமும் புழங்கும் வீடுகள் இருக்கின்றன. இதே தாலுகாவின் வடக்கில் பலராமபுரம். திருவிதாங்கூர் மன்னர் பலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் கைத்தறியால் பெயர் பெற்ற ஊர் அது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினரின் மொழி உரிமைக்கு இடம் தந்திருக்கிறது.

இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு கிராம வாசகசாலையோ, பங்குக் கோயிலோ, பள்ளியோ, நெசவாளர் சங்கமோ இணையதளம் தொடங்கினால், அது இயல்பாகவே இரண்டு எழுத்துகளில் எழுதப்படும். அதற்குத் தனிச் சர்வர் வாங்க யாரிடமும் பணம் இருக்காது. பல தளங்கள் ஒரே இயந்திரத்தில் குடியிருக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில்தான் இடம் எடுப்பார்கள். எழுதுபவர் நன்றாக எழுதியிருந்தும், எழுத்துரு அழகாக இருந்தும், வாசகர் கையில் பக்கம் உடைந்து போவது இந்த இடத்தில்தான். காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஒரு கோப்பு எந்த வகை, எந்தக் குறியாக்கம், எந்த மொழி என்பதைச் சர்வர் தவறாகச் சொல்கிறது, அல்லது சொல்லாமலே விடுகிறது. இந்த அறிவிப்பு எங்கிருந்து வந்தது, தமிழும் மலையாளமும் அதனால் பட்ட பாடு என்ன, பகிர்வு சர்வரில் அதைத் திருத்தும் வழிகள் எவை, அவற்றின் ஆபத்துகள் எவை என்பவற்றை இக்கட்டுரை ஒருசேர ஆராய்கிறது.

அறிவிப்பு என்பது என்ன

உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது சர்வர் முதலில் சில தலைப்பு வரிகளை அனுப்புகிறது. கோப்பு அதன் பின்னால் வருகிறது. அந்த வரிகளில் ஒன்று ‘கன்டென்ட்-டைப்’. வருவது எச்டிஎம்எல் பக்கமா, படமா, எழுத்துருவா, ஒலியா என்பதை அது சொல்கிறது. எழுத்துக் கோப்பு என்றால் அதன் குறியாக்கத்தையும் அதே வரி சொல்லலாம். கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டைப் பார்த்து உலாவி முடிவெடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பின்னொட்டைப் பார்ப்பது சர்வர். உலாவி முதலில் பார்ப்பது சர்வரின் அறிவிப்பை.

நெடுஞ்சாலையில் அமரவிளை சோதனைச் சாவடியைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே லாரியை நிறுத்திய அலுவலர் முதலில் கேட்டுவந்தது சரக்குச் சீட்டை. சீட்டில் ஒன்றும் லாரியில் வேறொன்றும் இருந்தால் சிக்கல். சீட்டே இல்லையென்றால் அவரவர் ஊகத்தின்படி நடந்தது. உலாவியும் அப்படித்தான். அறிவிப்பு இல்லாத கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து அதன் வகையை ஊகிக்கிறது. அந்த ஊகம் ஒவ்வொரு உலாவியிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை.

இந்த வகைப் பெயர்கள் மின்னஞ்சலிலிருந்து வந்தவை. கடிதத்தோடு படமும் ஒலியும் அனுப்புவதற்காக நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992-இல் எழுதிய ‘மைம்’ என்ற தரத்தை வைய விரிவலை அப்படியே எடுத்துக்கொண்டது. 1996 நவம்பரில் அது திருத்தி வெளியானது. ‘டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்’, ‘இமேஜ்/ஜேபெக்’ என்று சாய்கோட்டின் இருபுறமும் எழுதும் வழக்கம் அங்கிருந்து வந்ததே. அப்பாச்சி சர்வரில் ‘மைம்.டைப்ஸ்’ என்ற நீண்ட பட்டியல் உண்டு. எந்தப் பின்னொட்டுக்கு எந்த வகை என்று அது சொல்லும். அந்தப் பட்டியல் பழையதாக இருந்தால், புதிய வகைக் கோப்பு முகவரி எழுதாத கடிதமாகிவிடும் என்பதுதான் தளம் நடத்துபவர் நினைவில் வைக்க வேண்டிய முதல் செய்தி.

எழுத்துரு தளத்தோடு வந்த காலம்

தமிழ் இணையத்தின் தொடக்க வரலாற்றைப் படிப்பவர்கள் குறியாக்கப் பூசலைப் பற்றி நிறையப் படித்திருப்பார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை ஏற்றது. இணையத்தில் இயங்கிய ஆர்வலர்கள் டிஸ்கி என்ற வேறொரு குறியாக்கத்தை வளர்த்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கியில் இலக்கியங்களை ஏற்றி, பின்னர் யூனிகோடுக்கு மாறியது. நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தம் எழுத்துருக்களை வைத்திருந்தன. மலையாளத்திலும் இதே நிலைதான்: ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு, அதை இறக்கிப் பதித்தால்தான் வாசிக்க முடியும்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி சர்வரின் பங்கு. வாசகர் எழுத்துருவைப் பதிக்காமலே படிக்க 1997 வாக்கில் இரண்டு வழிகள் வந்தன. நெட்ஸ்கேப் நான்காம் பதிப்பு பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ‘ட்ரூடாக்’ முறையை ஏற்றது. அதன் கோப்பு ‘பிஎஃப்ஆர்’. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ‘இஓடி’ கோப்பை ஏற்றது. பிஎஃப்ஆர் கோப்பு வேலை செய்ய, அதற்கென்று ஒரு வகைப் பெயரைச் சர்வர் அறிவித்தாக வேண்டும். இலவச இடத்தில் தளம் வைத்திருந்த தமிழருக்கு அந்த அதிகாரம் கிடையாது. எழுத்துருவைச் சரியாகத் தயாரித்து ஏற்றியவரும் கடைசியில் ‘இந்த எழுத்துருவைப் பதித்துக்கொள்ளுங்கள்’ என்று முகப்பில் எழுதி வைக்க நேர்ந்தது. கோப்பு வகை அமைப்பு ஒரு மொழியின் வாசிப்பையே தடுக்க முடியும் என்பதற்கு இது தெளிவான சான்று.

பிறகு யூனிகோடு எல்லோருக்கும் பொதுவானது. உயிரொலி சேராத மெய்களைக் குறிக்கும் மலையாளச் சில்லெழுத்துகள் 2008-இல் வந்த யூனிகோடு 5.1-இல் தனி இடம் பெற்றன. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்று, கூடவே டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் ஏற்றது. ‘வோஃப்’ எழுத்துரு வடிவம் 2012 டிசம்பரில் உலக இணையக் கூட்டமைப்பின் பரிந்துரையானது. எழுத்துருக்களுக்கென்றே ‘ஃபான்ட்’ என்ற தனி வகைத் தலைப்பு 2017 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன் ஒரே எழுத்துருக் கோப்புக்குச் சர்வர்கள் நான்கைந்து பெயர்கள் சொல்லிக்கொண்டிருந்தன. இன்று உலாவிகள் எழுத்துருவின் வகைப் பெயரில் தாராளமாக நடந்துகொள்கின்றன. ஆனால் எழுத்துரு வேறு தளப் பெயரிலிருந்து வந்தால், ‘இந்தத் தளம் இதைப் பயன்படுத்தலாம்’ என்ற அனுமதித் தலைப்பு இல்லாமல் ஏற்பதில்லை. முகவரியின் முன்னால் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ இருப்பதும் இல்லாததும்கூட இரண்டு தளப் பெயர்களாகவே கொள்ளப்படும். ‘ஒரு முகவரியில் எழுத்து அழகாக வருகிறது, இன்னொன்றில் வரவில்லை’ என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

எல்லை ஊர்த் தளங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பின் ‘மீரா’ மலையாள எழுத்துருவுக்கு இணையாக ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவும் உண்டு. இரண்டையும் வடிவமைத்தவர் கே.எச். ஹுசைன். இரண்டும் கட்டற்றவை. இரண்டு மொழிப் பக்கத்தில் எழுத்தின் பருமனும் உயரமும் ஒத்துப்போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இணையை எடுத்துத் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

குறியாக்கம்: இருமொழிப் பக்கத்தின் உயிர்

ஒரு தமிழ்ப் பக்கம் யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்கப்பட்டிருந்தும், சர்வர் அதை மேலை ஐரோப்பியக் குறியாக்கம் என்று அறிவித்தால் என்ன ஆகும்? தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் யுடிஎஃப்-8-இல் மும்மூன்று பைட்டுகள். அந்த மூன்றையும் உலாவி மூன்று தனி ஐரோப்பியக் குறிகளாகக் காட்டும். முதற்குறி இரண்டு மொழிக்கும் ஒன்றே: தலையில் சாய்கோடு இட்ட லத்தீன் ‘ஏ’. இரண்டாவது குறியில் வேறுபாடு தெரியும். தமிழானால் வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற பதிவு வணிகக்குறியோ சிறு மேற்கோடோ வரும். மலையாளமானால் தனிச் சாய்குறியோ கிரேக்க ‘மியூ’ எழுத்தோ வரும். திரையில் வட்ட ஆர் வரிசையாக நின்றால் உள்ளே இருப்பது தமிழ் என்றும், சாய்குறி வரிசையாக நின்றால் மலையாளம் என்றும் படிக்காமலே சொல்லிவிடலாம். இதைக் கண்டதும் கோப்பைத் திரும்பத் தட்டச்சு செய்ய உட்காருபவர்கள் உண்டு. தேவையே இல்லை. கோப்பு நலமாக இருக்கிறது. அறிவிப்பு மட்டுமே பிழை.

எச்டிஎம்எல் பக்கத்தின் உள்ளேயே குறியாக்கத்தை எழுதி வைக்கலாமே என்று கேட்கலாம். எழுதி வைக்கத்தான் வேண்டும். ஆனால் சர்வரின் தலைப்பு வரி வேறொன்று சொன்னால், உலாவி தலைப்பு வரியைத்தான் நம்பும். அதற்கும் மேலே நிற்பது கோப்பின் முதல் மூன்று பைட்டுகளில் இடப்படும் ‘பாம்’ என்ற அடையாளம் மட்டுமே. பழைய அப்பாச்சி நிறுவல்கள் பலவற்றில் எல்லாப் பக்கத்தையும் ஐரோப்பியக் குறியாக்கம் என்று அறிவிக்கும் வரி இயல்பாகவே இருந்தது. அதனால் உடைந்த இந்திய மொழிப் பக்கங்கள் ஏராளம்.

அப்பாச்சியில் இதைத் திருத்தும் கட்டளை ‘ஆட்-டிஃபால்ட்-சார்செட்’. அதற்கு யுடிஎஃப்-8 என்று மதிப்பு கொடுத்தால் போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். இந்தக் கட்டளை எச்டிஎம்எல் பக்கங்களையும் வெறும் எழுத்துக் கோப்புகளையும் மட்டுமே தொடும். ஸ்டைல் கோப்பு, ஜாவாஸ்கிரிப்ட், காற்புள்ளி பிரித்த அட்டவணைக் கோப்பு ஆகியவற்றுக்கு ‘ஆட்-சார்செட்’ என்ற கட்டளையால் பின்னொட்டுவாரியாகச் சொல்ல வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் எழுதிய ‘தேடு’, ‘അടയ്ക്കുക’ போன்ற பொத்தான் சொற்கள் மட்டும் உடைந்து, பக்கத்தின் மற்ற எழுத்தெல்லாம் ஒழுங்காக இருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளியாக இருக்கலாம்.

வெறும் எழுத்துக் கோப்புக்கு அறிவிப்பு இன்னும் முக்கியம். ‘டிஎக்ஸ்டி’ கோப்பின் உள்ளே, பாம் அடையாளத்தைத் தவிர, குறியாக்கத்தைச் சொல்ல இடமே இல்லை. வாசகசாலையின் புத்தகப் பட்டியலையோ, ஒரு மூதாட்டி சொன்ன நாட்டார் பாடலையோ பாம் இல்லாத டிஎக்ஸ்டியாக ஏற்றினால், சர்வரின் தலைப்பு வரிதான் உலாவிக்குக் கிடைக்கும் ஒரே துணை.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஒரு தளத்தின் பழைய ஃபோல்டரில் டிஸ்கிப் பக்கங்கள் அப்படியே கிடக்கலாம். தளம் முழுவதற்கும் யுடிஎஃப்-8 என்று ஒரே வரி எழுதினால், புதிய பக்கங்கள் சரியாகும்; பழைய பக்கங்கள் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாக மாறும். அந்த ஃபோல்டரில் மட்டும் இயல்புக் குறியாக்கத்தை அணைத்து வைக்க அப்பாச்சி இடம் தருகிறது. பழையவற்றை யூனிகோடுக்கு மாற்றுவதே நிரந்தரத் தீர்வு என்றாலும், மாற்றி முடிக்கும் வரை அவை வாசிக்கும்படி இருக்க வேண்டும்.

பகிர்வு சர்வரில் அதிகாரம் யாருக்கு

ஓர் இயந்திரத்தில் பல தளங்கள் குடியிருக்க முடிந்ததே தொண்ணூறுகளில் வந்த மாற்றத்தால்தான். ஒவ்வொரு வேண்டுகோளிலும் உலாவி தளத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எச்டிடிபி 1.1 விதித்ததால், ஒரே எண் முகவரியில் எத்தனை தளங்களையும் வைக்க வழி பிறந்தது. ஹோஸ்டிங் விலை குறைந்தது. குடியிருப்பவருக்குச் சர்வரின் தலைமை அமைப்புக் கோப்பு கைக்கு எட்டாமலும் போனது. அந்த இடைவெளியை நிரப்புவது எச்டிஆக்சஸ் என்ற சிறு கோப்பு. பெயர் புள்ளியில் தொடங்குவதால் பல கோப்பு மேலாளர்களில் கண்ணுக்குத் தெரியாது. ‘மறைந்த கோப்புகளைக் காட்டு’ என்று சொன்னால்தான் தெரியும். அதை எந்த ஃபோல்டரில் வைக்கிறோமோ அந்த ஃபோல்டரிலும் அதன் உட்பிரிவுகளிலும் அது செல்லும்.

அந்தக் கோப்பில் எதையெல்லாம் எழுதலாம் என்பதைத் தலைமை அமைப்பில் உள்ள ‘அலோ-ஓவர்ரைட்’ தீர்மானிக்கிறது. கோப்பு வகை, குறியாக்கம், மொழி ஆகியவற்றை மாற்ற ‘ஃபைல்-இன்ஃபோ’ அனுமதி வேண்டும். அப்பாச்சி 2.3.9 முதல் இயல்பு நிலை ‘எதற்கும் அனுமதி இல்லை’ என்பதே. பகிர்வு ஹோஸ்டிங் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்காக அதைத் திறந்து வைக்கின்றன. அனுமதி இல்லாத கட்டளையை எழுதினால் தளம் முழுவதும் ‘500’ என்ற பிழையோடு நின்றுவிடும். எனவே ஒரு வரி எழுது, சேமி, பார், பிறகு அடுத்த வரி எழுது என்பதே இங்கே பாதுகாப்பான முறை.

கட்டளை எழுதத் தயங்குபவர்களுக்குச் சிபேனல் போன்ற கட்டுப்பாட்டுப் பலகைகளில் ‘மைம் டைப்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. பின்னொட்டையும் வகைப் பெயரையும் கட்டங்களில் நிரப்பினால், அதற்குரிய ‘ஆட்-டைப்’ வரியைப் பலகையே எழுதிக்கொள்ளும். வழி எதுவானாலும் இன்று ஒரு சிறு இருமொழித் தளம் சரிபார்க்க வேண்டிய வகைகள் சிலவே. வோஃப், வோஃப்2 எழுத்துருக்களுக்கு ‘ஃபான்ட்’ குடும்பப் பெயர், எஸ்விஜி படத்துக்கு ‘இமேஜ்/எஸ்விஜி+எக்ஸ்எம்எல்’, மின்னூலுக்கு ‘அப்ளிகேஷன்/ஈபப்+ஜிப்’, எம்பி3 ஒலிக்கு ‘ஆடியோ/எம்பெக்’, பிடிஎஃபுக்கு ‘அப்ளிகேஷன்/பிடிஎஃப்’. எஸ்விஜியின் வகை தவறினால் படமே தோன்றாது. பிடிஎஃபை வகை தெரியாத பைட்டுக் குவியலாக அறிவித்தால், திரையில் திறப்பதற்குப் பதிலாகக் கைபேசியில் இறங்கிக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கிடக்கும்.

எல்லாச் சர்வரும் அப்பாச்சி அல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். லைட்ஸ்பீடு எச்டிஆக்சஸைப் படித்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் அதைத் திரும்பியும் பார்க்காது; வகைப் பட்டியல் தலைமை அமைப்பில்தான் இருக்கும், திருத்த நிறுவனத்திடம் கேட்டாக வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் ‘வெப்.கன்ஃபிக்’ கோப்பில் எழுதலாம். ஐஐஎஸ் தனக்குத் தெரியாத பின்னொட்டு வந்தால் கோப்பு அங்கே இருந்தும் ‘404, இல்லை’ என்றே சொல்லும். அதன் பழைய பதிப்புகளுக்கு வோஃப் தெரியாததால், எழுத்துருவை ஏற்றியவர்கள் அது எங்கே போனது என்று தேடித் திரிந்த காலம் உண்டு. கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடங்களில் வகைப் பட்டியல் நவீனமானது, ஆனால் மாற்ற முடியாது.

நிறுவனம் மாறும்போது வரும் கேடு தனியானது. பழைய இடத்தில் சிபேனல் எச்டிஆக்சஸுக்குள் எழுதி வைத்த, பிஎச்பி என்ற நிரல்மொழியின் பதிப்பைச் சொல்லும் வரி, புதிய இடத்தில் பொருளற்றுப் போகலாம். அப்போது பக்கம் இயங்காது; பிஎச்பி மூலக் கோப்பே வாசகர் கைபேசியில் இறங்கும். இடம் மாறும் நாளில் எச்டிஆக்சஸை வரிவரியாகப் படித்து, பழைய நிறுவனத்துக்கே உரிய வரிகளை நீக்கிவிட வேண்டும்.

மொழியையும் சர்வர் சொல்ல முடியும்

மொழியை அறிவிப்பது பாறசாலைப் பகுதிக்கு மிகவும் பொருந்தும் வசதி; அதிகம் பயன்படாத வசதியும் அதுவே. ‘ஆட்-லாங்குவேஜ்’ என்ற கட்டளையால் ஒரு பின்னொட்டைத் தமிழுக்கும் இன்னொன்றை மலையாளத்துக்கும் ஒதுக்கலாம். ஒரே அறிவிப்புக்கு இரண்டு கோப்புகள் வைத்து, ‘மல்ட்டி-வியூஸ்’ வசதியை இயக்கினால், உலாவி எந்த மொழியை முன்னால் கேட்கிறதோ அந்தக் கோப்பைச் சர்வர் எடுத்துக் கொடுக்கும். முகவரி ஒன்றே, வாசகர்கள் இரு மொழியினர். இரண்டுமே கேட்காதவருக்கு எதைக் கொடுப்பது என்பதையும் வரிசைப்படுத்தி வைக்கலாம்.

இதை மட்டும் நம்பி நிற்கவும் கூடாது. கைபேசியின் மொழியை ஆங்கிலத்திலேயே விட்டுவைத்துத் தமிழிலோ மலையாளத்திலோ படிப்பவர்கள் நிறைய. உலாவி சொல்லும் மொழி அவர்களின் மொழி அல்ல. பக்கத்தின் தலையில் ‘தமிழ்’, ‘மலையாளம்’ என்ற இரண்டு இணைப்புகள் கட்டாயம் வேண்டும். பக்கத்தின் உள்ளேயும் எந்தப் பகுதி எந்த மொழி என்று குறிக்க வேண்டும். பார்வையற்றோருக்கு உரக்கப் படிக்கும் மென்பொருள் அந்தக் குறியைப் பார்த்தே குரலை மாற்றுகிறது. மொழிப் பின்னொட்டு தேர்வதிலும் கவனம் வேண்டும். போலிஷ் மொழியின் ஈரெழுத்துக் குறி பெர்ல் நிரலின் பின்னொட்டோடு மோதுவதால், அப்பாச்சியின் மாதிரி அமைப்பு அதற்கு வேறு பின்னொட்டைக் கொடுத்தது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் அப்படி மோதல் வராத பின்னொட்டுகளை முதல் நாளே முடிவு செய்து எழுதி வைப்பது நல்லது.

வகை அறிவிப்பும் காவலும்

கோப்பு வகை அமைப்பைப் பாதுகாப்பிலிருந்து பிரிக்க முடியாது. அப்பாச்சி ஒரு கோப்புப் பெயரில் பல பின்னொட்டுகளைப் படிக்கும். முன்னே சொன்ன மொழி வசதி இதனால்தான் இயங்குகிறது. இதே குணத்தால், பிஎச்பி இயங்கும்படி ‘ஆட்-ஹேண்ட்லர்’ கட்டளையால் எழுதிய சர்வரில், நடுவே பிஎச்பி என்றும் முடிவில் ஜேபிஜி என்றும் பெயரிட்ட ‘படம்’ நிரலாக இயங்கிவிடக்கூடும். பெயரின் கடைசிப் பின்னொட்டு பிஎச்பியாக இருந்தால் மட்டும் இயக்கு என்று வரையறுப்பதே சரியான முறை. பொதுமக்கள் படம் ஏற்றும் ஃபோல்டரில் எந்த நிரலும் இயங்காதபடி அடைத்து வைக்க வேண்டும். அங்கே யாராவது எச்டிஆக்சஸ் கோப்பையே ஏற்ற முடிந்தால், ஜேபிஜியை நிரலாக மாற்றும் வரியை அவர்களே எழுதிக்கொள்வார்கள். எஸ்விஜி படத்துக்குள்ளும் ஸ்கிரிப்ட் இருக்க முடியும் என்பதால் வெளியார் ஏற்றும் எஸ்விஜியை அப்படியே காட்டக் கூடாது.

இன்னொரு பொதுவான ஓட்டை, திருத்தும் முன் எடுத்து வைக்கும் நகல். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள பிஎச்பி கோப்பின் பின்னால் ‘பேக்’ என்று சேர்த்து அதே ஃபோல்டரில் வைத்தால், சர்வர் அதை நிரலாகக் கருதாமல் வெறும் எழுத்தாக அனுப்பிவிடக்கூடும். கடவுச்சொல் ஊருக்கெல்லாம் தெரியும். நகல்கள் இணையத்துக்குத் திறந்த ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 2008-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இல் கொண்டுவந்த ‘நோஸ்னிஃப்’ தலைப்பு, ஊகிக்காதே என்று உலாவிக்கு ஆணையிடுகிறது. மற்ற உலாவிகளும் அதை ஏற்றன. அதை வைத்தால் வகை தவறிய ஸ்கிரிப்டும் ஸ்டைல் கோப்பும் மறுக்கப்படும். பாதுகாப்புக்கு அது நல்லது. வகைகளைச் சரிசெய்த பிறகே அதை இயக்க வேண்டும் என்ற ஒழுங்கைத் தவறவிடக் கூடாது.

செலவு பற்றியும் ஒரு சொல். சுருக்கி அனுப்புவதும், உலாவி எத்தனை நாள் சேமித்து வைக்கலாம் என்பதும் பெரும்பாலும் வகைவாரியாகவே எழுதப்படுகின்றன. எழுத்துக்கு மூன்று பைட்டு எடுக்கும் தமிழ், மலையாளப் பக்கங்கள் சுருக்கினால் நன்றாகச் சிறுக்கும். வகை தவறாக இருந்தால் சுருக்கும் விதியும் பொருந்தாது. வாசகரின் டேட்டா வீணாகும்.

சரிபார்த்தலும் முடிவும்

இவற்றைச் சரிபார்க்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. கணினி உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்தால், ஒவ்வொரு கோப்பின் கன்டென்ட்-டைப் வரியும் தெரியும். கேரளப் பள்ளிகளில் மாநில அரசின் கைட் நிறுவனம் தந்திருக்கும் லினக்ஸ் கணினிகள் இருக்கின்றன. அங்கே முனையச் சாளரத்தில் ‘கர்ல்’ கட்டளையால் தலைப்பு வரிகளை மட்டும் வரவழைத்துப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு மாணவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது. ஊர்த் தளத்தை ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாணவர்கள் தணிக்கை செய்வது பாடமாகவும் சேவையாகவும் அமையும்.

ஆராய்ந்ததிலிருந்து கிடைக்கும் தீர்ப்பு மூன்று பகுதி கொண்டது. தளம் நடத்துபவர் பக்கத்தில்: குறியாக்கத்தைச் சர்வரிலும் பக்கத்திலும் ஒன்றாகவே அறிவியுங்கள், எச்டிஆக்சஸைச் சுருக்கமாக வைத்து, ஒவ்வொரு வரிக்கும் எதற்காக என்று குறிப்பெழுதி, நகலை வேறிடத்தில் வையுங்கள். நிறுவனத்தின் பக்கத்தில்: கோப்பு வகையை மாற்றும் அனுமதி ஆடம்பர வசதி அல்ல, அதைத் தராதவர்கள் குறைந்தது வகைப் பட்டியலைப் புதுப்பித்து வைக்க வேண்டும். பணம் கட்டும் முன் வாடிக்கையாளர் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: சர்வர் எது, ஃபைல்-இன்ஃபோ அனுமதி உண்டா? அரசின் பக்கத்தில்: தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளின் உள்ளாட்சித் தளங்களில் தமிழ்ப் பக்கம் இருக்க வேண்டும், அது தமிழ் என்று சர்வரும் அறிவிக்க வேண்டும்.

எல்லை ஊர்களில் இரண்டு மொழியும் தெரிந்த தலைமுறை இருக்கும்போதே அவர்களின் பாட்டும் பேச்சும் ஊர் வரலாறும் இணையத்தில் ஏற வேண்டும். ஏறியவை வாசிக்கும்படி இருக்க வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஒரு மாலைப்பொழுதும் பத்துப் பன்னிரண்டு வரிகளும்தான். உங்கள் ஊர்த் தளத்தை இன்றே திறந்து, அந்த வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.